ஒரே பில்லில் ஃபைபரும் மொபைலும்: சேர்த்து விற்பதன் உள்கணக்கு

மொபைல் நிறுவனத்தை விட்டுப் போக ஒரு எஸ்எம்எஸ் போதும். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை வேறு நிறுவனத்தின் கடையில் கொடுத்துவிட்டால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மூன்று வேலை நாட்களில் எண் மாறிவிடும். வீட்டு ஃபைபரை, அதாவது கண்ணாடி இழைக் கேபிளில் வரும் இணைய இணைப்பை, மாற்றுவது அப்படியல்ல. ஆள் வர வேண்டும், கம்பத்திலிருந்து கேபிள் இழுக்க வேண்டும், சுவரில் துளை போட வேண்டும், அதற்கு ஹவுஸ் ஓனர் சம்மதிக்க வேண்டும். பழைய ரூட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிவி, கேமரா, லேப்டாப் எல்லாவற்றிலும் புதிய பாஸ்வேர்டு போட வேண்டும்.

ஃபைபரையும் மொபைலையும் சேர்த்து விற்பதற்கு முதல் காரணம் இந்த வேறுபாடுதான். எளிதில் கழன்றுபோகும் சேவையை, கழற்றச் சிரமமான சேவையோடு கட்டிவைக்கிறார்கள். வாடிக்கையாளர் விலகிப்போவதை 'சர்ன்' என்பார்கள் தொலைத்தொடர்புத் துறையில். ஒரு வீட்டில் ஃபைபரும் மூன்று சிம்களும் ஒரே கணக்கில் இருந்தால் சர்ன் குறைகிறது. அதற்காக நிறுவனம் தரும் விலைதான் தள்ளுபடி. நம்மைக் கட்டிப்போட அந்த விலை போதுமா என்பதைத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் காட்டிய வழி

இந்த வியாபாரம் ஒரு நாட்டின் சந்தையையே எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு ஸ்பெயின் நல்ல உதாரணம். பொருளாதார நெருக்கடியில் மக்கள் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த 2012 அக்டோபரில், டெலிஃபோனிகா நிறுவனம் 'மூவிஸ்டார் ஃபியூஷன்' திட்டத்தைக் கொண்டுவந்தது. தொலைபேசி, பிராட்பேண்ட், மொபைல் மூன்றும் சேர்ந்து, வரிக்கு முன் சுமார் 50 யூரோவில் தொடங்கியது. தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் வேகமாக அதற்கு மாறின.

மொபைல் மட்டுமே பலமாக இருந்த போட்டி நிறுவனங்களுக்கு இனி கேபிள் இல்லாமல் பிழைப்பில்லை என்றாகிவிட்டது. வோடஃபோன் 2014இல் ஓனோ என்ற கேபிள் நிறுவனத்தை 720 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஆரஞ்சு அடுத்த ஆண்டே ஜாஸ்டெல் நிறுவனத்தைச் சுமார் 340 கோடி யூரோவுக்கு எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2001இல் தன் மொபைல் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்ட பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனம், பதினான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி மொபைல் வேண்டும் என்று இஇ என்ற மொபைல் நிறுவனத்தை 1,250 கோடி பவுண்டுக்குப் பேசி, 2016 ஜனவரியில் வாங்கி முடித்தது.

பிரான்ஸின் ஃப்ரீ நிறுவனம் வீட்டு இணையப் பக்கத்திலிருந்து வந்தது. 2012 ஜனவரியில் மொபைல் சேவை தொடங்கியபோது, அதன் 2 யூரோ சிறு திட்டம் ஃப்ரீபாக்ஸ் என்ற அதன் வீட்டு இணைய இணைப்பு வைத்திருந்த வீடுகளுக்கு இலவசம். 19.99 யூரோ பெரிய திட்டம் அவர்களுக்கு 15.99. தள்ளுபடி எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இந்த முறைதான் வாங்குபவருக்கு நல்லது. அமெரிக்காவில் காம்காஸ்ட் சொந்த டவர் நெட்வொர்க் இல்லாமலே, வெரைசனின் நெட்வொர்க்கை மொத்த விலையில் எடுத்து, 2017 முதல் தன் இன்டர்நெட் வாடிக்கையாளர்களுக்கு மொபைல் விற்கிறது.

இந்தியாவில் ஏன் மெதுவாக நடக்கிறது?

இங்கே பத்து மொபைல் இணைப்புகளில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. ப்ரீபெய்டு எண்ணுக்கு மாத பில் கிடையாது. பில்லே இல்லாதபோது எதை எதோடு சேர்ப்பது? ஐரோப்பாவில் எளிதாகப் பரவிய முறை இங்கே தயங்கி நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே இந்தியாவில் சேர்ப்புத் திட்டம் என்பது, பெரும்பாலான வீடுகளுக்கு, முதலில் ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கு மாறும் திட்டமாக இருக்கிறது. செலவு கூடுவதும் அந்த மாற்றத்தில்தான்.

அடுத்த காரணம், யாரிடம் என்ன இருக்கிறது என்பது. ஏர்டெல், ஜியோ இரண்டுக்கும் ஃபைபரும் மொபைலும் நாடு முழுவதும் உண்டு. பிஎஸ்என்எல்லுக்கும் இரண்டும் உண்டு. அதன் வீட்டு ஃபைபரைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பங்குதாரர்கள், அதாவது பல ஊர்களில் நம் கேபிள் டிவிக்காரர்களே, இழுத்துத் தருகிறார்கள். வோடஃபோன் ஐடியாவுக்குச் சொந்த கேபிள் மிகக் குறைவு. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் பலமாக இருக்கும் ஆக்ட் ஃபைபர்நெட்டுக்கு மொபைல் கிடையாது. ஜியோ ஃபைபர் வர்த்தகரீதியாகத் தொடங்கியது 2019 செப்டம்பர் 5இல். அதற்கு முந்தைய ஆண்டே ரிலையன்ஸ், ஹாத்வே, டென் என்ற இரு பெரிய கேபிள் நிறுவனங்களில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. கடைசி நூறு மீட்டர் கேபிளும், அதைப் பராமரிக்கும் ஆளும் யாரிடம் இருக்கிறார்களோ அவர்களிடமே வீடு இருக்கிறது என்ற கணக்கு அது.

மொபைல், ஃபைபர், டிடிஎச் இவற்றில் இரண்டையாவது ஒரே பில்லில் சேர்க்கும் 'ஏர்டெல் பிளாக்' 2021 ஜூலையில் வந்தது. ஒரே பில், ஒரே கஸ்டமர் கேர் எண், பழுதுக்கு ஒரே குழு என்பது அதன் வாக்குறுதி. பழுது நேரத்தில் அந்த ஒற்றை எண் உண்மையிலேயே உதவும். மொபைல் பிரிவு ஃபைபர் பிரிவுக்குத் தள்ளிவிட, அவர்கள் கேபிள் குழுவுக்குத் தள்ளிவிட, அலையும் வேலை குறையும்.

வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்

விளம்பர விலைகளை அப்படியே ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். இரண்டு காரணங்கள். ப்ரீபெய்டு ரீசார்ஜ் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஃபைபர், போஸ்ட்பெய்டு திட்டங்களின் விலையோ பெரும்பாலும் வரி சேர்க்காமல் சொல்லப்படுகிறது. அடுத்தது, ப்ரீபெய்டு மாதம் என்பது பல பேக்குகளில் 28 நாள். வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். பில் வருவது 12 முறை. ஆகவே எல்லாவற்றையும் வரியோடு சேர்த்து வருடத் தொகையாக மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

கணக்குக்காகச் சில எண்கள். ஃபைபர் மாதம் 800 ரூபாய், வரியோடு 944, வருடத்துக்கு 11,328. இரண்டு ப்ரீபெய்டு எண்கள், 28 நாளுக்குத் தலா 300, வருடத்துக்கு 7,800. மொத்தம் 19,128. இதே மூன்றும் சேர்ந்த திட்டம் 1,600 என்று வைத்துக்கொண்டால், வரியோடு 1,888, வருடத்துக்கு 22,656. '1,600தானே' என்று தோன்றிய திட்டம் 3,528 ரூபாய் அதிகம்.

ப்ரீபெய்டுக்கு 28 நாளுக்கு 400 செலவழிக்கும் வீடாக இருந்தால் தனித்தனி மொத்தம் 21,728. வித்தியாசம் 928 ஆகச் சுருங்குகிறது. மூன்றாவதாக ஒரு எண்ணை மாதம் 300 ரூபாய் கூட்டிச் சேர்க்க முடிந்தால், வரியோடு அதற்கு வருடம் 4,248. தனியே ரீசார்ஜ் செய்தால் 5,200. இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். நான்காவது எண்ணில் சேர்ப்புத் திட்டம் முந்துகிறது. லாபம் எண்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒருவர், இருவர் இருக்கும் வீட்டுக்கு அநேகமாக இது லாபமில்லை.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஃபைபர் வந்த பிறகு, மொபைல் டேட்டா தேவை சரிந்துவிடும். வீட்டிலேயே இருக்கும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அழைப்புக்கான சிறு பேக் போதும். சேர்ப்புத் திட்டம் அவர்களுக்கும் பெரிய டேட்டாவைத் தலையில் கட்டுகிறது. திட்டம் எடுக்குமுன் ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸில் கடந்த மாத மொபைல் டேட்டா எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வைஃபை கணக்கையும் மொபைல் கணக்கையும் போன் தனித்தனியே காட்டும்.

தொழில்நுட்பத்தில் உண்மையில் என்ன சேர்கிறது?

பில் சேர்வதும் நெட்வொர்க் சேர்வதும் வேறு வேறு. நிறுவனத்தின் பக்கத்தில் பெரிய சேமிப்பு ஒன்று இருக்கிறது. 5ஜி டவருக்கு ஃபைபர் வேண்டும். அதே தெருவில் வீடுகளுக்கும் ஃபைபர் வேண்டும். ஒருமுறை குழி தோண்டி, ஒரே கேபிளில் உள்ள இழைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். மாலையில் வீட்டில் வீடியோ பார்க்கும் கூட்டம் வைஃபைக்குப் போய்விட்டால் டவரின் சுமையும் குறைகிறது.

ஃபைபர் இணைப்பில் நம் பக்கத்தில் தெரியும் ஒரே உண்மையான சேர்க்கை வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசுவது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. போன் வைஃபை வழியாக நிறுவனத்தின் நுழைவாயில் சர்வருக்கு மறையாக்கம் செய்த சுரங்கப்பாதை ஒன்றைப் போடுகிறது. அழைப்பு அதற்குள் போகிறது. கவனிக்க வேண்டியது: இது எந்த நிறுவனத்தின் பிராட்பேண்டிலும் வேலை செய்யும். ஏர்டெல் சிம்மின் வைஃபை காலிங்குக்கு ஏர்டெல் ஃபைபர் தேவையில்லை. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்பதற்காகச் சேர்ப்புத் திட்டம் வாங்கத் தேவையே இல்லை.

வைஃபை காலிங் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். அந்தச் சுரங்கம் யுடிபி 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகளை (ரூட்டரில் இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்களை) பயன்படுத்துகிறது; ரூட்டரின் ஃபயர்வால் இவற்றை அடைத்திருந்தால் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டரையும் மாட்டி, இரண்டும் ஐபி முகவரியை மாற்றிக்கொண்டிருந்தாலும் சிக்கல் வரலாம். பின்னால் உள்ளதை, வைஃபை மட்டும் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால் சரியாகும். இன்னொன்று, வாசலைத் தாண்டும்போது கட்டாகும் அழைப்பு. தேய்ந்துபோன வைஃபையை போன் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது அது. 4ஜி வழியாகப் பேசும் வசதியான வோல்ட்இயும் ஆன் ஆகியிருந்தால்தான் அழைப்பு அறுபடாமல் டவருக்கு மாறும்.

ஃபைபர் பக்கத்தில் ஒரு எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீட்டு ஃபைபர் ஜிபான் முறையில் ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஓர் இழையில் கீழ்நோக்கி 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.25 ஜிபிபிஎஸ்; அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 17 டெசிபல் ஒளியைத் தின்றுவிடும். வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒளி பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம்முக்குள் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் நாளில் டெக்னீஷியனிடம் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 18 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால், வேலை செய்யும். ஆனால் கனெக்டரில் கொஞ்சம் தூசி சேர்ந்தாலோ கேபிள் ஓரிடத்தில் மடங்கினாலோ அறுந்துபோகும். அப்போதே கனெக்டரைத் துடைத்து, தேவையானால் இழையை மறுபடி ஸ்ப்ளைஸ் செய்து ஒட்டச் சொல்வது எளிது. மூன்று மாதம் கழித்துச் சொன்னால் ஆள் கிடைப்பது கடினம். பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று பொருள். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேராகப் புகார் கொடுங்கள்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் தொலைபேசி அப்படியில்லை, பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் மௌனம்தான். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குக் குறையாத மினி யுபிஎஸ் வாங்குங்கள். ஓனு (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

ஏர்ஃபைபர்: வீட்டுக்கும் அதே டவர்

கேபிள் எட்டாத இடங்களுக்கு 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் 5ஜி வீட்டு இணைப்பைக் கொண்டுவந்தன. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது ரேடியோ அலை. மொட்டைமாடியிலோ சுவரிலோ ஒரு கருவி, அதிலிருந்து ஈதர்நெட் கேபிள், உள்ளே வைஃபை பெட்டி. நிலையான இணைப்பும் மொபைலும் உண்மையிலேயே ஒன்றாவது இங்கேதான்; போனுக்குப் பேசும் அதே டவர் வீட்டுக்கும் பேசுகிறது.

அதனால் வரும் குறைகளும் டவரின் குறைகளே. மாலை ஏழு முதல் பதினொன்று வரை நெரிசல் கூடும். ஜியோ தன் தனிநிலை (4ஜியைச் சாராத) 5ஜி நெட்வொர்க்கில் வீட்டு இணைப்புகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்குகிறது என்றாலும், அந்த அலைவரிசை எல்லோருக்கும் பொதுதான். டேட்டா வரம்பும் குறைவு: ஃபைபர் திட்டங்களில் பரவலாக மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் பரவலாக 1,000 ஜிபி. அதன் பிறகு வேகம் எதுவாகும் என்பதைத் திட்டத்தின் சிறு எழுத்தில் படித்துவிடுங்கள். கருவி மாட்டும்போது ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் பலம்) அளவு மைனஸ் 90க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். மைனஸ் 110 என்றால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். தெருவில் ஃபைபர் கிடைக்கும் வீட்டில் ஏர்ஃபைபர் வாங்குவதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை, அடிக்கடி வீடு மாறுபவர்களைத் தவிர.

இரண்டும் ஒன்றாக விழும் நாள்

ஃபைபர் போனால் மொபைல் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் அந்த நம்பிக்கை பாதிதான் சரி. தெருவில் ஜேசிபி அறுத்த அதே கேபிள் பக்கத்து டவருக்கும் போய்க்கொண்டிருக்கலாம்.

கனடாவில் நடந்தது இதைவிடப் பெரியது. 2022 ஜூலை 8 அதிகாலையில் ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கில் பராமரிப்பு மாற்றம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ரூட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வழித்தகவல் வெள்ளம்போல் மையத்துக்குள் பாய்ந்து அதை முடக்கியது. வீட்டு இணையத்துக்கும் மொபைலுக்கும் மையம் ஒன்றுதான். ஒரு கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயின. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை, பலரால் அவசர எண் 911ஐ அழைக்க முடியவில்லை. இரண்டு மையங்களையும் பிரிப்பதாக ரோஜர்ஸ் பின்னர் அறிவித்தது. 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்தின் சுமார் ஒரு கோடி வாடிக்கையாளர்களும் இதேபோல் வீட்டு இணையம், மொபைல் இரண்டையும் இழந்து பல மணி நேரம் தவித்தார்கள்.

ஆகவே சேர்ப்புத் திட்டம் எடுக்கும் வீட்டில், யாராவது ஒருவரின் போனிலாவது வேறு நிறுவனத்தின் சிம் கட்டாயம் இருக்கட்டும். வங்கி ஓடிபி வரும் எண்ணாகவும் அது இருந்தால் இன்னும் நல்லது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் இதில் சமரசமே கூடாது.

சேரும்போதும் விலகும்போதும்

போஸ்ட்பெய்டுக்கு மாறும் நாளில், மீதமிருக்கும் ப்ரீபெய்டு நாட்கள் பெரும்பாலும் வீணாகும். பேக் முடியும் வாரத்தில் மாறுங்கள். ஒவ்வொரு சிம்மும் யார் பெயரில் இருக்கிறது என்று முன்பே சரிபாருங்கள். கணக்கு ஒருவர் பெயரில், சிம் இன்னொருவர் பெயரில் என்றால், பின்னாளில் சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கும்போது யார் கடைக்கு வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டத்திலிருந்து ஒரு சேவையை மட்டும் நீக்கினால் மிச்சத்தின் விலை என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் தள்ளுபடி முழுதும் போய், ஒவ்வொன்றும் தனி விலைக்குத் திரும்பும். வாடகை வீட்டுக்காரர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. போகும் புது முகவரியில் அந்த ஃபைபர் இல்லையென்றால் மொத்தத் திட்டமும் தொங்கலில் நிற்கும்.

விலகுவதில் வரிசை முக்கியம். போஸ்ட்பெய்டு எண்ணில் கெடு தாண்டிய பில் பாக்கி இருந்தால் போர்ட் குறியீடு கிடைக்காது. பில் ஒன்றாக இருக்கும்போது, திருப்பிக் கொடுத்த ரூட்டருக்குப் பணம் கேட்கும் தகராறுகூட மொபைல் எண்ணின் வழியை மறிக்கலாம். அதனால் பில்லை முழுதாகக் கட்டிவிட்டு, முதலில் எண்களை போர்ட் செய்யுங்கள். குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். எண்கள் மாறிய பிறகு ஃபைபரை மூடச் சொல்லி, புகார் எண் வாங்கி, ரூட்டர், அடாப்டர், ரிமோட் எல்லாவற்றையும் சீரியல் எண் எழுதிய ரசீதோடு கொடுங்கள். வீட்டுத் தரைவழி எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போக இங்கே வழியில்லை. அதைக் கொடுத்து வைத்திருக்கும் இடங்களில் முன்பே மாற்றிவிடுங்கள்.

தகராறு தீரவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போர்ட் ஆன பிறகு பழைய நிறுவனத்திடமிருந்து வரும் கடைசி பில்லை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அதைக் கட்டாவிட்டால், பழைய நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் புதிய நிறுவனத்திலேயே உங்கள் எண்ணை நிறுத்திவைக்க விதி இருக்கிறது.